இத்ரூஸின் வலது முழங்கால்

மாத்தளை டவுனில் இத்ரூஸின் வலது முழங்காலைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆளே கிடையாது. இறைச்சிக்கடைக்காரர் எலும்பு சூப் குடிக்கச் சொன்னார். பள்ளிவாசல் முன்னால் தொப்பியும் அத்தரும் விற்கிறவர் கறுப்பு நூல் ஓதிக் கட்டச் சொன்னார். தம்புள்ளை பஸ் ட்ரைவர் ஒருவர், தன் ஊர் நாட்டு வைத்தியர் வெதமாத்தயா பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டால் முயல் மாதிரி ஓடலாம் என்றார். எல்லோரும் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்த முழங்காலோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது ஹமீமாவுக்குத்தான்.

ஹமீமாவின் புருஷன் இத்ரூஸ் தையற்காரன். திருகோணமலை வீதியில் ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில் இரண்டு மெஷின் போட்டுக் கடை வைத்திருந்தான். அவன் தைத்த களிசான் இடுப்பில் இறுக்காது, தொடையில் தொங்காது என்று பேர். ஆனால் டவுனில் அவனைத் தெரியாதவர்கள் இல்லாமல் போனது களிசானால் அல்ல, பந்தால். டவுன் ஃபுட்போல் டீமில் அவன் லெஃப்ட் அவுட். இடது பக்கக் கோட்டை ஒட்டிப் பந்தை உருட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தால், வேலியோரத்தில் நின்று பார்க்கிறவர்களும் கூடவே ஓடுவார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஒக்டோபர் மழையில், ஒரு தேயிலைத் தோட்டத்து டீமோடு ஆடும்போதுதான் அது நடந்தது. வலது கால் சேற்றில் புதைந்து நின்றது. உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. மறுநாள் காலையில் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அழுத்திப் பார்த்தார். உள்ளே சவ்வு கிழிந்திருக்கலாம், வீக்கம் வற்றட்டும், அதற்குள் தொடைத் தசையை விட்டுவிடக்கூடாது, பிசியோதெரபிக்குப் போ என்றார். தசை பலமாக இருந்தால் ஆபரேஷன் இல்லாமலே தப்பலாம் என்றும் சொன்னார். இத்ரூஸின் காதில் 'ஆபரேஷன் இல்லாமலே' என்பது மட்டும்தான் விழுந்தது.

பிசியோதெரபிஸ்ட் மார்ஜரி, இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவரின் மகள். கொழும்பில் படித்துவிட்டுக் கண்டியில் வேலை பார்த்தாள். செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறி மாத்தளைக்கு வருவாள். 'பிசியோதெரபிஸ்ட்' என்ற பேர் டவுனின் வாயில் நுழையவில்லை. அவள் 'எக்ஸசைஸ் மிஸ்' ஆகிவிட்டாள். அவளுடைய அறையில் ஒரு கட்டிலும், பிடித்து நடக்கிற இரண்டு கம்பிகளும், சிவப்பு வெளிச்சம் காட்டுகிற ஒரு பெரிய விளக்கும் இருந்தன. வருகிறவர்கள் எல்லோரும் அந்த விளக்குக்காகத்தான் வந்தார்கள். லைட் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு சண்டை போட்டுப் போட்டு மார்ஜரியின் நெற்றியில் நிரந்தரமாக ஒரு கோடு விழுந்திருந்தது.

முதல் நாள் ஹமீமாவும் கூடப் போனாள். மகள் கைறுன்னிஸாவை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கால நீட்டுங்க. தொடைய இறுக்குங்க" என்றாள் மார்ஜரி.

இத்ரூஸ் பல்லைக் கடித்தான். முகம் இறுகியது. தோள் இறுகியது. தொடை அப்படியே கிடந்தது.

"மூஞ்சிய இல்ல. தொடைய."

"மிஸ், நான் பந்தடிக்கிறது இடது காலால. இது வலது கால்தானே?"

"இடது காலால அடிக்கும்போது எந்தக் கால்ல நிக்கிறீங்க?"

இத்ரூஸ் பேச்சை மாற்றினான். "நாள் முழுக்க மெஷின் மிதிக்கிறேன் மிஸ். அது எக்ஸசைஸ் இல்லையா?"

"மெஷின் மிதிக்கிறது பாதம். தொடை தூங்கிக்கிட்டு இருக்கு."

"லைட் எப்ப மிஸ் புடிப்பீங்க?"

மார்ஜரி கண்ணை மூடித் திறந்தாள். "லைட் சுகமா இருக்கும். அவ்வளவுதான். கால நிமிர்த்தி வெக்கிறது நீங்க செய்ற எக்ஸசைஸ்."

பிறகு அவள் ஹமீமா பக்கம் திரும்பினாள். காலை, மத்தியானம், ராத்திரி மூன்று வேளையும் செய்ய வேண்டும், முழங்கால் மடங்காமல் காலை நேராகத் தூக்க வேண்டும், வீக்கம் வற்றிய பிறகு ஒரு பையில் மணல் நிரப்பிப் பாதத்தில் கட்டித் தூக்க வேண்டும் என்று விளக்கினாள். "நீங்க பாத்துக்குங்க ஹமீமா. இவரு ஏமாத்துவாரு போல இருக்கு."

கால் அவருடையது, காவல் மட்டும் எனக்கா என்று ஹமீமாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

அன்றிலிருந்து அவளுடைய நாள் இத்ரூஸின் காலைச் சுற்றியே ஓடியது. காலையில் அடுப்பு மூட்டிவிட்டு வந்து பார்த்தால் அவன் பாயில் படுத்து, காலை ஒரு சாண் தூக்கி, தூக்கியதை மறந்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். மத்தியானம் கடைக்குச் சோறு கொண்டு போனால் வாடிக்கைக்காரர் இருக்கிறார் என்பான். ராத்திரி கேட்டால் அலுப்பாக இருக்கிறது என்பான். வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குப் போகச் சொன்னால், "ஜும்ஆ இருக்கே" என்பான்.

"ஜும்ஆ மத்தியானம். கிளினிக் காலைல."

"குளிச்சு ரெடியாக வேணாமா?"

நவம்பர் முடிவதற்குள் நோன்பு வந்துவிட்டது. நோன்பு வைத்துக்கொண்டு காலைத் தூக்கினால் தாகம் எடுக்கிறது என்றான். நோன்பு திறந்த பிறகு செய்யச் சொன்னாள். கஞ்சி குடித்து வயிறு நிறைந்திருக்கிறது என்றான். பிறகு பெருநாள் தையல். டவுனில் பாதிப் பேருக்குப் புதுச் சட்டை அவன் கையால்தான் வர வேண்டும். மெஷினை விட்டு எழும்ப நேரமில்லை என்பது உண்மையும்தான். அந்த ஒரு காரணம் உண்மையாக இருந்ததே ஹமீமாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மணல் பையை மட்டும் அவனே ஆசையாகத் தைத்தான். பச்சைக் கித்தான் துணி, இரட்டைத் தையல், கட்டுவதற்கு இரண்டு நாடா. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டினான். வீட்டுக்குக் கொண்டு வந்து பாதத்தில் கட்டிக்கொண்டு காலைத் தூக்கியபோது ஹமீமாவே அசந்துபோனாள். கால் சும்மா விர்ரென்று மேலே போனது. இனியாவது சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

பெருநாள் முடிந்த வாரம், பாயைச் சுருட்டிப் பெருக்கும்போது அந்தப் பை குறுக்கே கிடந்தது. கனக்கும் என்று நினைத்துக் குனிந்து இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். பை அவள் முகத்துக்கு நேரே எகிறி வந்தது. ஹமீமா அதைக் குசினிக்குக் கொண்டு போய், கத்தியால் ஒரு ஓரத்தைப் பிரித்தாள். உள்ளேயிருந்து உமி கொட்டியது.

அவன் சாப்பிட வந்தபோது சோற்றுப் பீங்கானுக்குப் பக்கத்தில் பை இருந்தது.

"இது என்ன?"

இத்ரூஸ் பையைப் பார்த்தான். சோற்றைப் பார்த்தான். "மணல் கனமா இருக்கு ஹமீமா."

"கனமா இருக்கத்தானே மணல்! யா அல்லாஹ்! யார ஏமாத்துறீங்க? என்னையா, அந்த மிஸ்ஸயா? ஒங்க கால நீங்களே ஏமாத்துறீங்க!"

"இப்ப வீக்கமே இல்ல பாரு. நல்லா நடக்குறேன். படி ஏறுறேன். சும்மா ரெண்டு பேரும் சேந்து என்னைய நோயாளி ஆக்குறீங்க."

வீக்கம் வற்றியிருந்தது உண்மை. நடையும் சீராகியிருந்தது. வலி இல்லாத காலுக்கு எதற்கு வைத்தியம் என்பது அவன் கட்சி. செவ்வாய்க்கிழமை அவளே கிளினிக்குக்குப் போய் மார்ஜரியிடம் உமிக் கதையைச் சொன்னாள்.

மார்ஜரி கையிலிருந்த துவாயைக் கட்டிலில் எறிந்தாள். "வலி நின்னாப் போதும், எல்லாரும் இதத்தான் செய்றாங்க. நடக்குறது வேற, பந்து வெளையாடுறது வேற. ஓடி வந்து, ஒத்தக் கால்ல நின்னு, ஒடம்பத் திருப்பும்போது அந்த முழங்காலப் புடிச்சு வெக்கிறது தொடைதான். தொடைல ஒண்ணுமே இல்ல. இப்ப ஆடினாருன்னா உள்ள கிழிஞ்சது நல்லாவே கிழியும். தயவு செஞ்சு கிரவுண்டுப் பக்கம் விடாதீங்க."

"நான் எப்படி மிஸ் விடாம இருக்கிறது? கயிறு போட்டா கட்டுறது?"

"தெரியல" என்றாள் மார்ஜரி. "கயிறு இருந்தா எனக்கும் ஒண்ணு குடுங்க. இங்க நெறையப் பேரக் கட்ட வேண்டியிருக்கு."

ஜனவரியில் கண்டியிலிருந்து ஒரு டீம் கப் ஆட்டத்துக்கு வருவதாக இருந்தது. அந்த வாரம் டவுன் டீமின் கெப்டன் பலீல் வீட்டுக்கு வந்தான். ஆணி, பூட்டு, வாளி விற்கிற கடை அவனுடையது. இத்ரூஸோடு சின்ன வயதிலிருந்து ஆடுகிறவன். முன்னறையில் உட்கார்ந்து இரண்டு கோப்பை பிளேன் டீ குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"மச்சான், நீ ஓடக்கூட வேணாம். சும்மா கோட்டோரமா நில்லு. ஒன்னப் பாத்தாலே அவனுங்க ரெண்டு பேரு ஒன்னோட ஒட்டிக்கிட்டு நிப்பானுங்க. மத்தத நாங்க பாத்துக்குவோம்."

அறைக் கதவில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து ஹமீமா, அண்ணனிடம் பேசுகிற உரிமையோடு பேசினாள். "சும்மா நிக்கிறதுக்கு ஒரு கம்ப நட்டு வைங்க பலீல் நானா. அவரு எதுக்கு?"

பலீல் சிரித்தான். இத்ரூஸும் சிரித்தான். இரண்டு பேரும் சிரித்த விதத்திலேயே, முடிவு ஏற்கனவே வேறெங்கோ எடுக்கப்பட்டுவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவளுடைய ராத்தா மஸூதா, இரத்தோட்டையிலிருந்து சாமான் வாங்க டவுனுக்கு வந்திருந்தாள். போகிற வழியில் தங்கச்சி வீட்டில் தலையைக் காட்டினாள். ஹமீமா அலுமாரியைத் திறந்து, இத்ரூஸ் பந்தடிக்கக் காலில் போடுகிற சப்பாத்தைப் பழைய பேப்பரில் சுற்றி, ராத்தாவின் பைக்குள் கருவாட்டுக்கும் வெங்காயத்துக்கும் அடியில் வைத்தாள்.

"இது என்னடி?" என்றாள் மஸூதா.

"ஒங்க வீட்டுலயே இருக்கட்டும் ராத்தா. நான் சொல்றப்ப தாங்க."

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இத்ரூஸ் தேட ஆரம்பித்தான். அலுமாரி, கட்டிலடி, குசினி மூலை, அரிசிப் பெட்டி. ஹமீமா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சப்பாத்து எங்க?"

"ரத்தோட்டைல."

"ரத்தோட்டைலயா? சப்பாத்து எப்படி ரத்தோட்டைக்குப் போகும்?"

"பஸ்ல."

அவன் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அரிசிப் பெட்டியை மூடிவிட்டு, "சரி, பாக்க மட்டும் போறேன்" என்றான். மறுநாள் வெள்ளைச் சாரம் உடுத்துக்கொண்டு வெறுங்கையோடுதான் வீட்டை விட்டு இறங்கினான். ஹமீமா நம்பினாள்.

கிரவுண்டின் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். முதல் பாதியில் ஒரு தடவை பெரிதாக ஆரவாரம் எழுந்தது. பிறகு ஒரு 'ஓ'. அதற்குப் பின் நீண்ட அமைதி. ஹமீமா உலையை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

ஒரு வேனில் கொண்டு வந்தார்கள். வலது முழங்கால் மடங்கியபடியே பூட்டிக்கொண்டிருந்தது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. யாராவது தொட்டால் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு முனகினான். காலில் சப்பாத்து இருந்தது. டீமில் உபரியாக இருந்த யாகூப்பின் சப்பாத்து. பாதத்தை விட இரண்டு அளவு பெரியது. நுனியில் தையற்கடை வெட்டுத் துணியை அடைத்திருந்தான்.

பலீல் வாசலில் நின்று, யாரைப் பார்த்தும் சொல்லாத மாதிரி சொன்னான். "சப்பாத்து பெருசு. அதான் சிக்கிருச்சு. சொந்தச் சப்பாத்து இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது."

மஃரிப் தொழுகை முடிவதற்குள் அந்தத் தெரு முழுக்க அதுதான் பேச்சு. பெண்டாட்டி சப்பாத்தை ஒளித்து வைத்தாள், புருஷன் கால் போயிற்று. மறுநாள் பேக்கரியில் அதே பேச்சு. செவ்வாய்க்கிழமை சந்தையில் ஹமீமாவுக்குக் கத்தரிக்காய் நிறுத்துக் கொடுத்த பெண், "ஏன்மா அப்படிச் செஞ்சீங்க?" என்று வருத்தத்தோடு கேட்டாள். ஹமீமா கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

கண்டியில் ஆபரேஷன் நடந்தது. கிழிந்துபோன சவ்வை எடுத்துவிட்டார்கள். ஹமீமா ஒரு நாள் விட்டு ஒரு நாள் கைறுன்னிஸாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை டீமிலிருந்து ஒரு கூட்டம் பார்க்க வந்திருந்தது. தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டு வந்திருந்தார்கள். பேச்சு கால், கப், கண்டி டீம் என்று சுற்றி, வழக்கம் போலச் சப்பாத்தில் வந்து நின்றது.

"பொம்பளைங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் செய்வாங்க" என்று பலீல் பெருந்தன்மையாகச் சொன்னான். "தங்கச்சி மேல குத்தம் சொல்ல வரல. வெளையாட்டப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

ஹமீமா இத்ரூஸைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். இத்ரூஸ் கூரையில் சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது அக்குறணை தாண்டி, பலகடுவை வளைவில் பஸ் முக்கிக்கொண்டு ஏறியது. கைறுன்னிஸா தோளில் தூங்கிவிட்டாள். காலையில் அடுப்பை விட்டு ஓடி ஓடி வந்தது, ஆளில்லாத நேரத்தில் கெஞ்சியது, உமியைக் கண்டுபிடித்தது, மிஸ்ஸிடம் போய் நின்றது எல்லாம் ஹமீமாவுக்கு ஞாபகம் வந்தது. ஊர் சொன்னதை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அவன் விசிறியைப் பார்த்ததைத்தான் முடியவில்லை. இனி அந்தக் காலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அந்த வளைவிலேயே முடிவு செய்துவிட்டாள்.

இத்ரூஸ் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தான். ஹமீமா சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், துணி துவைத்தாள். காலைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. எக்ஸசைஸ் செய்தீர்களா என்று கேட்கவில்லை. கிளினிக் நாளை ஞாபகப்படுத்தவில்லை. வீட்டில் அப்படி ஓர் அமைதி. அவளுடைய ஏச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய இத்ரூஸுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. "இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே?" என்று அவனாகவே கேட்பான். "நாள்காட்டி சுவத்துல இருக்கு" என்று பதில் வரும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவன் கடையிலிருந்து நேரே, கழுத்தில் அளவு நாடா தொங்க, கோலை ஊன்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனான். தனியாக வந்தவனை மார்ஜரி மேலும் கீழும் பார்த்தாள்.

"வைஃப் எங்க?"

"வீட்டுல வேலை மிஸ்."

"வேலையா, கோவமா? சப்பாத்துக் கதை எனக்கும் வந்துச்சு. கண்டிலயே சொன்னாங்க." அவள் கையை நீட்டினாள். "கழுத்துல இருக்கிறதக் குடுங்க."

நாடாவை வாங்கி அவனுடைய இடது தொடையைச் சுற்றினாள். "நீங்களே படிங்க. களிசானுக்கு அளவெடுக்கிற ஆள்தானே?"

அவன் படித்தான். வலது தொடையைச் சுற்றினாள். அவன் படிக்கவில்லை. நாடாவைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தான்.

"இழுக்காதீங்க. சரியாப் படிங்க."

இரண்டரை அங்குலம் குறைவாக இருந்தது.

"ஆட்டத்துக்கு முந்தி நான் அளந்தப்பவே ரெண்டு அங்குலம் கொறஞ்சுதான் இருந்துச்சு. அன்னைக்கும் நான் சொன்னேன். நீங்க லைட் கேட்டீங்க. இதுல எத்தன அங்குலம் சப்பாத்தால கொறஞ்சது, சொல்லுங்க?"

இத்ரூஸ் நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அந்த நாடா சொன்னதை அவன் ஒரு தடவையும் மறுத்ததில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் மார்ஜரி. அவள் குரல் சலித்துப்போயிருந்தது. "செவ்வாயும் வெள்ளியும் வருவேன், போவேன். ஒங்க கால ஒங்களவிடப் பெருசா நெனச்சது அந்தப் பொண்ணு ஒண்ணுதான். அவங்களையும் வெரட்டிட்டீங்க. சரி, படுங்க. தொடைய இறுக்குங்க."

அவன் இறுக்கினான். இந்தத் தடவை முகம் அசையவில்லை.

அன்று மாலை அவன் பச்சைப் பையைத் தேடியெடுத்து, மிச்ச உமியைக் கொட்டிவிட்டு, சுதுகங்கை ஆற்றிலிருந்து ஒரு பையனை மணல் அள்ளி வரச் சொல்லி நிரப்பித் தைத்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குதிங்கால் தரையில் மெல்ல வந்து படுகிற சத்தம் குசினிக்குக் கேட்டது. மறுநாளும் கேட்டது. அதற்கு அடுத்த நாளும். ஹமீமா கேட்காத மாதிரியே இருந்தாள். ஒரு நாள் கதவு பாதி திறந்திருந்தது. தண்ணீர்க் குடத்தோடு கடந்து போனவள் பார்த்துவிட்டாள். மணல் பை உண்மையாகவே கனத்தது, கால் நடுங்கியது, முழங்கால் கொஞ்சம் மடங்கியிருந்தது. போய்விடத்தான் நினைத்தாள். மூன்று அடி போனாள். முடியவில்லை.

"மடங்குது" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நேரா."

உள்ளே கால் நேரானது.

அடுத்த வாரம் தையற்கடையில் ஒரு வாடிக்கைக்காரரிடம் பலீல் சப்பாத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். இத்ரூஸ் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெஷின் மேல் வைத்தான்.

"பலீல், போதும். ஆட வேணாம்னு மிஸ்ஸும் சொன்னாங்க, வீட்டுலயும் சொன்னாங்க. சப்பாத்து இல்லன்னா வீட்டுல கெடந்திருக்கணும். எரவல் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கிட்டுப் போனது நான். கால்ல பலமே இல்ல. மணல் பைல உமிய நெரப்பி வெச்சு ஊர ஏமாத்துனதும் நான்தான்."

"உமியா?" என்றான் பலீல்.

வாடிக்கைக்காரரும் "உமியா?" என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இத்ரூஸ் சொன்னான். "பலீல்கிட்ட சொல்லிட்டேன். எல்லார் முன்னாலயும்."

"ஆஸ்பத்திரில சொல்லியிருக்கணும்."

"ஆமா. ஆஸ்பத்திரில சொல்லியிருக்கணும்."

அவன் சாக்குப்போக்குச் சொல்லாமல் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான். ஹமீமா அவன் பீங்கானில் இன்னும் ஒரு கரண்டி பருப்பு ஊற்றினாள். ஆனால் அவளுடைய நிம்மதி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. சப்பாத்துக் கதையை விட உமிக் கதை டவுனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இத்ரூஸ் 'உமி இத்ரூஸ்' ஆகிவிட்டான். சந்தையில் அதே கத்தரிக்காய்க்காரி அவளைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரியிடம், "உமி இத்ரூஸ் வீட்டம்மா இவங்கதான்" என்று அறிமுகம் செய்து வைத்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. ஊன்றுகோல் போனது. ஒற்றைக் காலில் நிற்கிற பயிற்சி, படியில் ஏறி இறங்குகிற பயிற்சி, மெல்ல ஓடுகிற பயிற்சி என்று மார்ஜரி கூட்டிக்கொண்டே போனாள். இத்ரூஸ் ஒவ்வொரு தடவையும், "எப்ப மிஸ் ஆடலாம்?" என்று கேட்டான். அவள் ஒவ்வொரு தடவையும் நாடாவைக் கேட்டாள். ஒரு கட்டத்தில் அவன் டீமில் உள்ளவர்களையும் கூட்டி வந்துவிட்டான். மார்ஜரி இதை எதிர்பார்க்கவில்லை. அடிபட்ட பிறகு வருகிறவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்குவது எப்படி, தொடையை எப்படி இழுத்து விடுவது என்று காட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு சாயந்தரங்களில் டவுன் டீம் முழுவதும் கிரவுண்டில் வரிசையாக ஒற்றைக் காலில் நின்றது. வேலியோரத்தில் நின்று சிரிக்கவே ஒரு கூட்டம் வந்தது. பலீல் ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் பக்கத்தில் நின்ற யாகூப்பைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கண்றாவிக்கு நீதான்டா காரணம்" என்று இத்ரூஸை ஏசினான்.

செப்டெம்பரில் மார்ஜரி, "ஆடலாம், ரெண்டாம் பாதி மட்டும்" என்றாள். சப்பாத்து இரத்தோட்டையிலிருந்து திரும்பி வந்தது. கருவாட்டு வாசனையோடு வந்தது.

ஆட்டத்தன்று மார்ஜரி தன் லீவு நாளென்றும் பார்க்காமல் கண்டியிலிருந்து வந்து, ஹமீமாவின் வீட்டு வாசலில் குடையோடு நின்றாள்.

"வாங்க, போவோம்."

"நானா? பொம்பளைங்க யாரும் அங்க போக மாட்டாங்க மிஸ்."

"ரெண்டு பேர் போனா அது யாரும் இல்லன்னு ஆகாது. மேட்டு ரோட்டுல நின்னு பாப்போம்."

ஹமீமா கைறுன்னிஸாவை இடுப்பில் வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். கல்யாணம் முடித்து ஆறு வருஷத்தில் அவன் ஓடுவதை அவள் பார்த்ததில்லை. சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறாள். இரண்டாம் பாதியில் அவன் உள்ளே வந்ததும் வேலியோரத்திலிருந்து, "உமி! உமி!" என்று கூச்சல் எழுந்தது. ஹமீமாவுக்குக் காது கூசியது. முதலில் அவன் தயங்கித் தயங்கித்தான் ஆடினான். பிறகு ஒரு தடவை பந்து அவன் காலுக்கு வந்தது. கோட்டை ஒட்டி ஓட ஆரம்பித்தான். தலை அசையாமல், பந்து காலோடு தைத்து வைத்த மாதிரி கூடவே வர, அவன் ஓடியபோது வேலியோரம் முழுவதும் கூடவே ஓடியது. இதற்காகத்தானா இவ்வளவும் என்று ஹமீமாவுக்குத் தோன்றியது. அவன் மேல் அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அப்போது எதிர் டீமில் பின்னால் நின்று தடுக்கிற பெக் ஒருவன் குறுக்கே வந்து விழுந்தான். இத்ரூஸ் வலது காலில் ஊன்றி, திரும்பி, உருண்டான். கிரவுண்ட் அடங்கிப்போயிற்று. ஹமீமா மார்ஜரியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எழும்புவாரு" என்றாள் மார்ஜரி. ஆனால் அவளும் ஓர் அடி முன்னால் போயிருந்தாள்.

இத்ரூஸ் எழுந்தான். முழங்காலைத் தடவினான். ஒற்றைக் காலில் இரண்டு தடவை குதித்துப் பார்த்தான். பிறகு ஓடினான்.

டவுன் டீம் இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றது. மார்ஜரி கிரவுண்டுக்கு இறங்கிப் போக, ஹமீமா அடுப்பைப் பார்க்க வீட்டுக்கு வந்துவிட்டாள். இத்ரூஸ் கோல் எதுவும் போடவில்லை. அடித்த ஒரே பந்தும் கம்பத்துக்கு மேலே போய் ஒரு வீட்டுக் கூரையில் விழுந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்தவன், கப்பை வென்றவன் மாதிரி பேசிக்கொண்டே இருந்தான். முதல் பந்து எப்படி வந்தது, பலீல் எங்கே நின்றான், அந்த பெக் எப்படி விழுந்தான், தான் எப்படித் திரும்பினான் என்று குசினி வாசலில் நின்று காலால் காட்டிக் காட்டிச் சொன்னான். எல்லாவற்றையும் மேட்டு ரோட்டிலிருந்து பார்த்தேன் என்று ஹமீமா சொன்னது அவன் காதில் ஏறவேயில்லை.

"இன்னும் கேளு" என்றான். "ஆட்டம் முடிஞ்சு மிஸ்ஸப் பாத்தேன். முழங்கால அழுத்திப் பாத்தாங்க. நல்லா இருக்காம். இப்படியே எக்ஸசைஸ் செஞ்சுக்கிட்டு வந்தா இன்னும் பத்து வருஷம் ஆடலாமாம்."

ஹமீமா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பத்து வருஷமா?"

"பத்து வருஷம்."

"செவ்வாய்க்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன்" என்றாள் ஹமீமா. "அந்த மிஸ்கிட்ட நான் கொஞ்சம் பேசணும்."